தலையணை ஒன்றேகால் கிலோ, கூரியர் கட்டணம் ஒன்பது கிலோவுக்கு: பெட்டியின் அளவு எப்படி எடையாகிறது?

போடி இலவம் (போடிநாயக்கனூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக இலவம் பஞ்சுத் தலையணையும் மெத்தையும் தைத்து விற்று வருகிறோம். உள்ளூர்க் கடைகளுக்கும், மலைக்கு மேலே பூப்பாறை, ராஜகுமாரி, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்ட வீடுகளுக்கும் கொடுத்து வந்த வரையில் அனுப்பும் செலவைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே எழவில்லை; ஜீப்பில் ஏற்றிவிட்டால் மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். இப்போது வாட்ஸ்அப் வழியாகக் கொச்சி, பெங்களூரு, சென்னை என்று வெளியூர்களிலிருந்தும் ஒவ்வொரு தலையணையாகக் கேட்கிறார்கள்.

ஒரு தலையணையின் எடை பெட்டியோடு சேர்த்து ஒன்றேகால் கிலோ. பெட்டியின் அளவு 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம். பல கூரியர் நிறுவனங்களை ஒரே இடத்தில் இணைத்துத் தரும் ஓர் இணையச் சேவையில் ஒன்றரைக் கிலோ என்று பதிந்து அனுப்புகிறேன். பொருள் போய்ச் சேர்ந்த சில நாட்களில் அதையே 9 கிலோ என்று மாற்றி, வித்தியாசத் தொகையை என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அதே சேவை வழியாக ஏலக்காய் அனுப்பும் என் சித்தப்பா மகனுக்கு இதுவரை ஒரு முறைகூட இப்படி நேரவில்லை. இது முறையான கணக்குதானா, 9 என்ற எண் எங்கிருந்து வருகிறது, பஞ்சுக்குக் கெடுதல் இல்லாமல் இதைக் குறைக்க வழி உண்டா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். தலையணையின் விலையைவிட அதை அனுப்பும் செலவு பெரிதாகிவிட்டால் இந்தத் தொழிலை வெளியூருக்குக் கொண்டுபோக முடியாது.

---

மேட்டு ஏலம் (சாந்தன்பாறை) எழுதியது:

தங்கைக்கு வணக்கம். கணக்கு முறையானதுதான். அதன் பெயர் கன அளவு எடை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ. அளவில் பெருக்கி, வரும் எண்ணை 5000 ஆல் வகுக்க வேண்டும். உங்கள் பெட்டிக்கு 60 × 40 × 18 = 43,200; அதை 5000 ஆல் வகுத்தால் 8.64 கிலோ. தராசு காட்டும் எடை, இந்த எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். அரைக் கிலோ அரைக் கிலோவாக மேல்நோக்கி முழுமையாக்குவார்கள் என்பதால் 8.64 என்பது 9 ஆகிறது. டிஎச்எல், ஃபெடெக்ஸ் போன்ற பன்னாட்டு எக்ஸ்பிரஸ் நிறுவனங்களும் இதே 5000 என்ற வகுஎண்ணைத்தான் வைத்திருக்கின்றன. விமானச் சரக்கில் வழக்கமாக 6000. உள்நாட்டுத் தரைவழிச் சேவைகள் சிலவற்றில் 4000, 4500 என்றும் உண்டு. வகுஎண் சிறிதாகச் சிறிதாக நமக்குக் கட்டணம் ஏறும் என்பதால், ஒரு கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று கேட்பதற்கு முன்பே வகுஎண் எவ்வளவு என்று கேட்டுவிடுவது நல்லது.

உங்கள் சித்தப்பா மகனுக்கு ஏன் இது நேரவில்லை என்பதற்கான விடை நம்முடைய ஏலக்காய்க் கணக்கிலேயே இருக்கிறது. போடியிலும் புற்றடியிலும் ஏலத்துக்குக் காய் வைக்கும் எவருக்கும் லிட்டர் எடை என்றால் என்னவென்று தெரியும்: ஒரு லிட்டர் கொள்ளளவில் காயை நிரப்பினால் எத்தனை கிராம் நிற்கிறது என்பதே அது. அக்மார்க் தரப் பிரிவுகளில் பச்சை ஏலக்காய்க்கு லிட்டருக்கு 385, 415, 435 கிராம் என்று படிகள் வகுத்திருக்கிறார்கள். கூரியர்காரர் பார்ப்பதும் ஒருவகை லிட்டர் எடையைத்தான். 5000 கன செ.மீ. என்பது 5 லிட்டர். 5 லிட்டர் இடத்துக்கு ஒரு கிலோ என்றால் லிட்டருக்கு 200 கிராம். இதுதான் எல்லைக்கோடு. பெட்டியோடு சேர்த்து லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் நிற்கும் பொருளுக்குத் தராசு எடையே கட்டண எடை. அதற்குக் கீழே நிற்கும் பொருளுக்குப் பெட்டியே எடை. ஏலக்காய் 400 கிராம் சுமாருக்கு நிற்பதால், பெட்டியில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தாலும் கோட்டுக்கு மேலேயே இருக்கும். லிட்டருக்கு 500, 550 கிராம் என்று தரம் பிரிக்கப்படும் மிளகைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. உங்கள் தலையணையோ 43.2 லிட்டர் இடத்தில் 1,250 கிராம், அதாவது லிட்டருக்கு 29 கிராம். எல்லைக்கோட்டுக்கு ஏழில் ஒரு பங்கு.

இது அநியாயம் என்று முதலில் தோன்றுவது இயல்பே. ஆனால் வண்டிக்காரரின் பக்கத்திலிருந்து ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம் உள்ள ஒரு லாரியின் கொள்ளளவு 504 கன அடி. அது தூக்கக்கூடிய எடை சுமார் 4 டன். உங்கள் பெட்டி ஒன்றரைக் கன அடியைச் சற்றுத் தாண்டுகிறது. துளி இடம்கூட விடாமல் அடுக்கினாலும் 330 பெட்டிகளோடு லாரி நிறைந்துவிடும். அப்போது அதன் மீது ஏறியிருக்கும் எடை 412 கிலோ மட்டுமே. டீசல், ஓட்டுநர் சம்பளம், சுங்கச்சாவடிக் கட்டணம் ஆகியவற்றில் பெரும்பகுதி, 4 டன் ஏறிய வண்டிக்கு ஆவதைப் போலவே இதற்கும் ஆகும். தராசு எடைக்கு மட்டும் பணம் வாங்கினால், தலையணை பிடித்துக்கொண்ட இடத்துக்கான செலவை அதே வண்டியில் ஏலக்காய் அனுப்புகிறவர் சுமக்க நேரும். இலேசான பொருளைச் செய்கிறவர்களுக்கு இது கசப்பாக இருந்தாலும், விதியில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

அமெரிக்காவில்கூட இது படிப்படியாகத்தான் வந்தது. யுபிஎஸ், ஃபெடெக்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் தரைவழிப் பொதிகளில் 3 கன அடிக்குக் குறையாத பெட்டிகளுக்கு மட்டுமே கன அளவு எடையைக் கணக்கிட்டு வந்தன. 2015 தொடக்கத்தையொட்டித்தான் அதை எல்லாப் பெட்டிகளுக்கும் விரித்தன. இணைய வணிகத்தால் சிறு பொருள்கள் பெரிய பெட்டிகளில் காற்றோடு பயணம் செய்யத் தொடங்கியதுதான் அதற்குக் காரணம்.

---

தேனி பார்சல் (தேனி) எழுதியது:

சகோதரி அவர்களுக்கு, அண்ணன் விதியைத் தெளிவாக விளக்கிவிட்டார். நான் பார்சல் பதிவு செய்யும் கவுண்டரில் வேலை பார்ப்பவன் என்பதால், அளவெடுப்பது நடைமுறையில் எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். பணம் அதிகம் போவது பெரும்பாலும் இங்கேதான்.

பெரிய பிரிப்பு மையங்களில் பொதி பட்டையில் ஓடும்போதே இயந்திரம் அதன் மூன்று அளவுகளையும் படம் பிடித்துவிடுகிறது. அது பார்ப்பது பொருளின் உண்மையான வடிவத்தை அன்று; பொருளைச் சுற்றி வரையக்கூடிய மிகச் சிறிய நேர்கோணப் பெட்டியை. ஆகவே எங்கே அதிகமாகப் புடைத்திருக்கிறதோ அந்த இடத்தின் அளவே உயரம். தலையணையைப் பாலித்தீன் உறையில் போட்டு அனுப்பினால் பெட்டியின் இடம் மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். நடுவில் 20 செ.மீ. உப்பியிருந்தால், ஓரங்கள் 5 செ.மீ. தான் என்றாலும், 20 செ.மீ. என்றே பதிவாகும். உருளைத் தலையணைக்கு இன்னும் நட்டம். 22 செ.மீ. விட்டமும் 60 செ.மீ. நீளமும் உள்ள திண்டு ஒன்றை 22 × 22 × 60 என்றே எடுத்துக்கொள்வார்கள். 29,040, அதாவது 5.81 கிலோ, முழுமையாக்கினால் 6. வட்டத்துக்கும் சதுரத்துக்கும் இடையே நான்கு மூலைகளிலும் நிற்கும் காற்று மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல். அதற்கும் சேர்த்தே நாம் பணம் கட்டுகிறோம்.

பெட்டி வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் அளவு உள்ளளவா வெளியளவா என்று கேளுங்கள். கூரியருக்கு வெளியளவே கணக்கு. 20 × 15 × 10 என்று உள்ளளவு உள்ள சிறு பெட்டியில் அட்டையின் தடிமனும் மேல் மடிப்பும் சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. கூடினால் 3,000 கன செ.மீ. 3,696 ஆகிவிடும், கிட்டத்தட்ட கால் பங்கு உயர்வு. மறுபக்கம், மூன்று பக்கங்களையும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் கன அளவு 27 சதவீதம் குறையும். மூன்று அளவுகள் ஒன்றோடொன்று பெருக்கப்படுவதால் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரியும்.

அரைக் கிலோப் படியையும் மனத்தில் வையுங்கள். உதாரணமாக 55 × 38 × 12 என்று கட்டினால் 25,080, வகுத்தால் 5.016, கட்டணம் ஐந்தரைக் கிலோவுக்கு. அதே கட்டை இன்னும் அரை செ.மீ. அழுத்தி 11.5 ஆக்கினால் 4.81, கட்டணம் 5 கிலோவுக்கு. ஆகவே முதலில் எந்தப் படிக்குள் நிற்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற பெட்டியைச் செய்யச் சொல்வதே சரியான வரிசை. கையில் கிடைத்த பெட்டியில் பொருளைப் போட்டுவிட்டுப் பிறகு அளப்பவர்களே இங்கே அதிகம்.

பதிவு செய்யும்போது மூன்று அளவுகளையும் உண்மையாகப் பதியுங்கள். மூடி ஒட்டிய பெட்டியின் மீது அளவு நாடாவை வைத்து நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் தனித்தனியாகவும், தராசின் மீது வைத்து ஒன்றும், முகவரி ஒட்டு தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பதிந்த அளவு தவறு என்றால் முறையிட குறிப்பிட்ட கெடு இருக்கும்; அது தாண்டிய பிறகு எந்தச் சான்றும் பயன்படாது.

---

தையல் வீடு (கம்பம்) எழுதியது:

பெட்டியைச் சிறிதாக்கு என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நானும் பஞ்சு வேலை செய்கிறவள் என்பதால் ஒரு எச்சரிக்கை சொல்ல விரும்புகிறேன், தங்கச்சி. ஃபோம் மெத்தையைச் சுருட்டி, காற்றை உறிஞ்சிப் பெட்டியில் அடைத்து விற்கிறார்களே, நாமும் செய்யலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அவசரப்படாதீர்கள். ஃபோம் நசுக்கினாலும் தன் வடிவத்துக்குத் திரும்பும் இயல்புடையது. இலவம் பஞ்சின் இழை உள்ளே வெறும் காற்று நிற்கும் மெல்லிய குழாய். அந்தக் காற்றினால்தான் அது அவ்வளவு இலேசாக இருக்கிறது, அதனால்தான் ஒரு காலத்தில் மிதவைச் சட்டைகளில் அதை அடைத்தார்கள். அந்தக் குழாயை முழுவதும் நசுக்கி நெடுநாள் வைத்திருந்தால் இழை முறியும்; தலையணை கட்டி தட்டும்; தூசும் கூடும்.

காற்றை உறிஞ்சும் பையில் போட்டு 6 செ.மீ. கனத்துக்குக் கொண்டுவந்தால் 60 × 40 × 6, அதாவது 2.88 கிலோ என்று கணக்கு அழகாகத்தான் வரும். ஆனால் நம்மிடம் வாங்குகிறவர் பிரித்துப் பார்த்த அன்றே அது சப்பையாக இருந்தால், மிச்சம் பிடித்த பணத்தைவிடப் பெரிய நட்டம் நம் பெயருக்கு. பாதிக் கனம் வரை மெல்ல அழுத்தி, அகலமான துணி நாடாவால் கட்டி, சில நாட்களுக்குள் போய்ச் சேரும்படி அனுப்புவதில் எனக்குத் தயக்கம் இல்லை. உச்சி வெயிலில் இரண்டு பக்கமும் காயவைத்துத் தட்டினால் பஞ்சு மீண்டும் உப்பிவிடும் என்று ஒரு சிறு தாளில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி உள்ளே வையுங்கள். நமக்கு இது பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். பெங்களூருவில் அடுக்கு மாடியில் இருக்கும் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். மழைக்காலத்தில் மேற்கே அனுப்பும்போது உள்ளே ஒரு பாலித்தீன் உறையும் அவசியம். பஞ்சின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் அது நீரை எளிதில் ஏற்காது. ஆனால் மேல் துணி ஈரம் பிடித்தால் வாடை வந்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. தைத்த உறையையும் சுத்தம் செய்த பஞ்சையும் தனித்தனியாக அனுப்பி, வாங்குகிறவரே அடைத்துக்கொள்ளும்படி விடலாம். பஞ்சை நீள்பையில் போட்டு ஓரளவு அழுத்தலாம். கையால் பிரித்து அடைக்கும்போது இழைகள் பிரிந்து கொடுக்கும். எல்லோரும் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டுப் பார்த்து, விரும்புகிறவர்களுக்கு மட்டும் செய்யலாம்.

---

போடி இலவம் எழுதியது:

அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. இன்று காலையில் அக்கா சொன்னபடி பாதிக் கனத்துக்கு அழுத்தி, நாடா கட்டி, 55 × 38 × 11.5 அளவில் ஒரு பெட்டிக்குள் நிறுத்திப் பார்த்தேன். தையலில் இழுப்பு எதுவும் இல்லை. அரைக் கிலோவுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 9 கிலோவுக்கு 720 ரூபாயும் 5 கிலோவுக்கு 400 ரூபாயும் வருகின்றன. 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் முறையே 849.60, 472. அதாவது ஒரு தலையணைக்கு 377 ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறது. விலையில் சேர்த்துச் சொன்னாலும் வாங்குகிறவருக்குச் சுமையாகத் தெரியாத இடத்துக்கு இது வந்துவிட்டது. உறையும் பஞ்சும் தனியாக அனுப்புவதைக் கொச்சி வாடிக்கையாளர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கொச்சியில் ஒரு தங்கும் விடுதிக்கு 40 தலையணை கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகக் கூரியரில் அனுப்புவது பொருந்தாது. அவற்றை ஒரே பெரிய பொதியாக்கினால் கன அளவு எடை குறையுமா?

---

மேட்டு ஏலம் எழுதியது:

சேர்த்துக் கட்டுவதால் மட்டும் குறையாது, தங்கையே. இரண்டு தலையணையை ஒரே பெட்டியில் வைத்தால் இடமும் இரண்டு மடங்காகத்தான் வரும். மிச்சமாவது முதல் அரைக் கிலோவுக்கு வாங்கும் கூடுதல் கட்டணமும், முழுமையாக்குவதில் போகும் சில்லறையுமே. 40 தலையணைக்குக் கூரியரை விட்டுவிட்டு லாரி ஆபீசுக்குப் போங்கள்.

அங்கே கணக்கு கன அடியில் நடக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ. அளவில் பெருக்கி 27,000 ஆல் வகுத்தால் அவர்கள் வழக்கில் கன அடி. ஒரு கன அடிக்கு 6 கிலோ, 8 கிலோ, 10 கிலோ என்று நிறுவனத்துக்கு நிறுவனம் ஓர் எடை வைத்திருப்பார்கள். பத்துத் தலையணையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றும் 10 செ.மீ. நிற்கும்படி அழுத்தி, 60 × 40 × 100 அளவில் ஒரு சாக்குக் கட்டாகத் தைத்தால் 8.89 கன அடி. 6 கிலோ வைப்பவரிடம் அது 53 கிலோ; 10 கிலோ வைப்பவரிடம் 89 கிலோ. உள்ளே இருப்பது பன்னிரண்டரைக் கிலோவுக்கு மேல் போகாது. ஆகவே கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவாகச் சொல்கிறார் என்பதற்காக 10 கிலோக்காரரிடம் போய்விடாதீர்கள். எங்களுக்கே அங்கே கவனம் தேவைப்படுகிறது: கன அடிக்கு 10 கிலோ என்றால் எல்லைக்கோடு லிட்டருக்கு 370 கிராம் ஆகிவிடும், பெட்டியில் கொஞ்சம் காலி இடம் இருந்தால் ஏலக்காய்கூட அதற்குக் கீழே இறங்கிவிடும்.

தூரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போடிமெட்டு ஏறினால் கேரளம், கொச்சி வரை அதே 85 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்பதால் கட்டணம் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பொதிகள் பெரும்பாலும் மதுரைக்கு இறங்கி, அங்கே பிரிக்கப்பட்டு, பிறகே மேற்கே போகும். கட்டணமும் சாலை தூரத்தை வைத்தன்று, மண்டலத்தை வைத்து. வெளி மாநிலம் என்றால் பெரும்பாலும் அடுத்த மண்டலம். மண்டலம் ஏறினால் கிலோவுக்கான விலை ஏறும், அந்த விலை பெருக்கப்படுவது கன அளவு எடையோடு. தொலைவுக்கு அனுப்பும்போது கட்டைச் சிறிதாக்குவதற்காகச் செலவிடும் நேரம் அதனால்தான் வீணாவதில்லை.

---

தேனி பார்சல் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஒரு சேர்க்கை. நம் பகுதியிலிருந்து கேரளத்துக்கு ஓடும் சிறிய பார்சல் லாரிக்காரர்கள் பலர் இன்னும் சூத்திரம் எதுவும் போடாமல், கட்டைக் கண்ணால் பார்த்து ஒரு கட்டுக்கு இவ்வளவு என்று பேசித்தான் வாங்குகிறார்கள். தலையணைக்கு அது உங்களுக்குச் சாதகமாக அமையலாம். நான்கு கட்டுகளையும் ஒரே ரசீதில் போடச் சொல்லுங்கள். தனித்தனி ரசீது என்றால் ஒவ்வொன்றுக்கும் ரசீதுக் கட்டணமும் குறைந்தபட்சக் கட்டணமும் விழும். ஏற்று கூலி, இறக்கு கூலி அதில் அடக்கமா, விடுதி வாசலில் கொடுப்பார்களா அல்லது அவர்களே வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் விடுதிக்காரர் கொடுப்பதாக இருந்தால் டு பே என்று பதியும் முன், கட்டின் அளவையும் பேசிய தொகையையும் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். அங்கே போய் மறுபடி அளந்து கூடுதலாகக் கேட்டால், காட்டுவதற்கு அது அவர் கையில் இருக்கும்.